இரண்டாவது கையெழுத்து

சிங்காரவேல் வாசலில் காரை நிறுத்தி இறங்கியபோது ஸ்டெல்லா முத்தாண்டிக்குப்பத்து அம்மா வீட்டில் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவர் கையில் முந்திரிப் பருப்பு அட்டைப்பெட்டி. பின்னால் இரண்டு பேர். ஒப்பந்தத் தொழிலாளர் ஒற்றுமைச் சங்கத்துக்குப் பதினான்கு வருடமாக அவர்தான் தலைவர். சுரங்க வேலைகளில் ஒரு காண்ட்ராக்டர் போய் இன்னொரு காண்ட்ராக்டர் வரும்போது, பழைய ஆட்களில் யாரையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பட்டியலைச் சங்கம்தான் கொடுக்கும். அந்தப் பட்டியல் அவர் சட்டைப் பையில் இருக்கிறது என்பார்கள். அதனால் நெய்வேலியிலிருந்து முத்தாண்டிக்குப்பம் வரை அவரைப் பார்த்து எழுந்து நிற்காத ஆள் குறைவு.

"தூதரம்மாவே துணி காயப்போடுறீங்களா? நல்லா இருக்குது தங்கச்சி, நல்லா இருக்குது" என்று சிரித்தார்.

ஸ்டெல்லாவின் அம்மா லூர்துமேரி அவசரமாக நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம சங்கத்துக்கு எலக்சன். இத்தன வருசமா போட்டியே கெடையாது. இந்தத் தடவ ஒரு பொம்பள நின்னுகினு இருக்குது. நிக்கட்டும், தப்பு இல்ல. ஆனா நாளைக்கு ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது பாருங்க. நீங்க பார்வையாளரா வரணும். காலையில தொடங்கி வெக்கிறீங்க, சாயங்காலம் நல்லபடியா நடந்துச்சுன்னு ஒரு கையெழுத்து. அவ்ளோதான்."

"நான் லீவுல வந்திருக்கேன்ங்க. வேற இடத்துல பார்வையாளரா உக்கார எங்க ஆபீஸ்ல அனுமதி இல்ல."

அவர் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பத்திரிகைச் செய்தியின் படம். 'தீவு நாட்டுத் தேர்தல் நேர்மையாக நடந்தது: நெய்வேலிப் பெண் தூதர் அறிவிப்பு.' கீழே அவளுடைய புகைப்படம்.

"மெயின் பஜார் டீக்கடையில இத ஒட்டி வெச்சிருக்காங்க. அந்த நாட்டுல துப்பாக்கியும் மிலிட்டரியுமா நடந்த எலக்சனையே நேர்மைன்னு கையெழுத்து போட்டுக் குடுத்தவங்க நீங்க. நம்மளது சின்னச் சங்கம். உங்களுக்கு இது ஒரு மேட்டரா தங்கச்சி?"

அவர் கேலி செய்யவில்லை. மனதாரப் பாராட்டினார். அதுதான் ஸ்டெல்லாவைச் சுட்டது. ஈரத் துணியைத் திரும்ப வாளியில் போட்டாள்.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

"எட்டு மணிக்கு. காரு அனுப்புறேன்."

கார் போனதும் லூர்துமேரி கத்தினாள். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஏன் ஒத்துக்கின? எதுத்து நிக்கிறது யாருன்னு தெரியுமா உனக்கு? பொற்கொடி!"

ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. ஊருக்கு வந்து ஒன்பது நாள் ஆகியும் அவள் பொற்கொடியைப் போய்ப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை.

பிளஸ் டூ வரை இருவரும் ஒரே பெஞ்சு. ஸ்டெல்லாவின் காலஞ்சென்ற அப்பா தைரியநாதன் சுரங்கத்தில் பர்மனென்ட் ஃபிட்டர். அப்போது பத்தொன்பதாவது வட்டத்தில் குவார்ட்டர்ஸ். பொற்கொடியின் அப்பா கண்ணையன் காண்ட்ராக்ட் கூலி. மந்தாரக்குப்பத்துக்கு அப்பால் ஓலை வீடு. ஸ்டெல்லா கல்லூரி முடித்து, கடலூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சின்ன நாளிதழுக்கு ஓட்டை மொபெட்டில் போய்ச் செய்தி சேகரித்துக்கொண்டிருந்த காலத்தில், மழைநாள் ஒன்றில் மண்மேடு சரிந்து கண்ணையன் இறந்துபோனார். 'அப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை' என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். பெயர்ப் பதிவேட்டில் பெயர் இல்லை. பிணம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தது.

ஸ்டெல்லா பொற்கொடியின் வீட்டில் அரிசி டப்பாவுக்குள் இருந்த ஷிஃப்ட் சீட்டுகளை எடுத்தாள். கண்ணையனோடு வேலை பார்த்தவர்களில் ஏழு பேரைப் பெயரோடு பேச வைத்தாள். 'இல்லாத மனிதரின் தொண்ணூறு ஷிஃப்ட்' என்று அவள் எழுதியது முதல் பக்கத்தில் வந்தது. காண்ட்ராக்டரின் ஆட்கள் குவார்ட்டர்ஸ் வரை வந்து தைரியநாதனை மிரட்டினார்கள். அவள் இரண்டாவது நாளும் எழுதினாள். மூன்றாவது நாளும் எழுதினாள். கடைசியில் காண்ட்ராக்டர் பணிந்தார். பொற்கொடிக்கு அப்பாவின் இடத்தில் வேலை கிடைத்தது. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிதறும் கரியைக் கூட்டி அள்ளும் வேலை. இன்றுவரை அதே வேலை, அதே காண்ட்ராக்ட்.

அந்தச் செய்திதான் ஸ்டெல்லாவைச் சென்னைக்கும் பிறகு டெல்லிக்கும் கொண்டுபோனது. கலவரம், யுத்தம், ஆட்சிக் கவிழ்ப்பு என்று பதினைந்து வருடம் நாடு நாடாக அலைந்து எழுதினாள். அப்புறம் தேர்தல்களைக் கண்காணிக்கும் ஒரு பன்னாட்டு அமைப்பு அவளை அழைத்தது. தூதர் தகுதி, தனிப் பாஸ்போர்ட், மேடைகள். இளம் நாடுகளின் அதிகாரிகளுக்கு மக்களாட்சி பற்றி வகுப்பு எடுத்தாள். அவள் நன்றாகப் பேசுவாள். முதலில் பேசியதை நம்பினாள். பிறகு பேசுவது பழக்கமானது.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தத் தீவு நாடு. வாக்குப்பதிவு நாளன்று மீன்பிடிக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில், முதல் ஓட்டு விழுமுன்பே பாதி நிறைந்திருந்த பெட்டியை ஸ்டெல்லா கண்ணால் பார்த்தாள், தூக்கியபோது உள்ளே தாள்கள் சரிவதைக் கேட்டாள். "இந்தப் பெட்டி ஏற்கெனவே நிறைந்திருக்கிறது" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் ஓர் உள்ளூர் வானொலி நிருபர் நின்றாள். அமினா என்று பெயர், இருபத்தாறு வயது. "இதை நான் ஒலிபரப்பலாமா? நீங்கள் சொன்னதாகச் சொல்லலாமா?" என்று கேட்டாள். அந்த வயதில் மொபெட்டை உதைத்துக் கிளப்பிய பழைய ஸ்டெல்லாதான் பதில் சொன்னாள்: "சொல்."

அன்று மாலை அமினா வானொலியில் சொன்னாள். அதன்பின் பதினொரு வாக்குச்சாவடிகளில் கண்டதை ஸ்டெல்லா பதினான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். குழுவின் தலைவர் அதைப் படித்துவிட்டு, "இந்த நாட்டில் நமக்கு இன்னும் ஐந்து வருட வேலை இருக்கிறது. நம்மை வெளியே தள்ளிவிட்டால் யாருக்கு லாபம்?" என்றார். அறிக்கை இரண்டு பத்தியாகச் சுருங்கியது. 'சில குறைகள் இருந்தபோதிலும், மக்களின் விருப்பத்தை இத்தேர்தல் பிரதிபலிக்கிறது.' தலைவர் கையெழுத்திட்டார். இரண்டாவது கையெழுத்து துணைத் தலைவருடையது. துணைத் தலைவர் ஸ்டெல்லா.

எட்டாவது நாள் அமினாவைக் கைது செய்தார்கள். பொய்ச் செய்தி பரப்பிய குற்றம். பார்வையாளர் அப்படிச் சொல்லவே இல்லை என்பதற்கு அரசுத் தரப்பு காட்டிய ஆதாரம், ஸ்டெல்லா கையெழுத்திட்ட அந்த இரண்டு பத்தி.

அமைப்பு அவளுக்கு மூன்று வாரம் விடுப்புக் கொடுத்தது. கேட்காமலே கொடுத்தது.

*

சனிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து பொற்கொடி நேராக வந்துவிட்டாள். முகத்திலும் கழுத்திலும் கரித்தூள். வாசற்படி ஏறவில்லை.

"வாடி, உள்ள வா" என்றாள் ஸ்டெல்லா.

"நான் உக்காந்து பேச வரல. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நீ அவனுக்குக் கையெழுத்து போடப் போறியாமே?"

"பார்வையாளரா வரச் சொன்னாங்க. என்ன நடக்குதுன்னு பாக்கப் போறேன்."

"பாத்து?"

"பாத்தாதானே சொல்ல முடியும்?"

"பாத்து இன்னாடி பண்ணுவ?" பொற்கொடியின் குரல் உயர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நீ பாத்ததும் தெரியும், சொன்னதும் தெரியும். அந்தத் தீவுல ஒரு பொண்ணு உள்ள கெடக்குதாமே, உன் பேச்ச நம்பி? என் பொண்ணு எழில்மதி செல்லுல படிச்சுக் காட்டுனா. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிது. எங்க அப்பன் பொணத்துக்குப் பேரு வாங்கிக் குடுத்தவளாடி நீ?"

ஸ்டெல்லா ஒரு படி கீழே இறங்கினாள்.

"இருநூத்திப் பன்னெண்டு பேரு. எல்லாம் பொம்பளைங்க. பெல்ட்டு செக்சன், கேன்டீன், கூட்டுற பெருக்குற எடம். வோட்டர் லிஸ்ட்டுல அத்தன பேரு பேரும் காணோம். கேட்டா சந்தா பாக்கின்றான். ரசீது எடுத்துக்கினு போனா, ஆபீசு பூட்டிக் கெடக்குது. ஆனா செத்துப்போன சிலம்பரசன் பேரு இருக்குது. ரிட்டயர்டாகி நெல்லிக்குப்பம் போனவங்க பேரு இருக்குது. இதையெல்லாம் கீழ வெச்சு, மேல உன் கையெழுத்த வெச்சு மூடப் போறான். அதுக்குத்தான் உன்னக் கூப்புட்டுகினு போறான். வெளிநாட்டுல போட்ட மாதிரி எங்க தலையிலயும் போட்டுட்டுப் போயிடாத. அவ்ளோதான் சொல்ல வந்தேன்."

"நீ ஏன் எலக்சன்ல நின்ன பொற்கொடி?"

"கேக்கறா பாரு கேள்வி!" அவள் திரும்பி நடந்தவள் நின்றாள். "போன வருசம் காண்ட்ராக்ட் மாறுனப்ப பதினேழு பேர லிஸ்ட்டுல இருந்து தூக்கினான். அதுல லட்சுமின்னு ஒருத்தி. இருபது வருசம் என்கூட கரி அள்ளுனவ. சங்கக் கூட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேட்டா, அவ்ளோதான் அவ பண்ணது. இப்ப பண்ருட்டியில பலாச்சொள உரிச்சுகினு இருக்கா. போதுமா?"

அவள் போனபிறகு லூர்துமேரி மெல்ல வெளியே வந்தாள். "தலவலின்னு சொல்லிடு ஸ்டெல்லா. நாளைக்குப் போவாத. நான் இந்த ஊர்லதான இருந்தாவணும்?"

"நீங்க இருக்கணும்னா அவன் யோக்கியனா இருக்கணும்மா. நான் தலவலியில கெடக்கக் கூடாது."

"என்கிட்ட மட்டும் நல்லா கத்து" என்றாள் லூர்துமேரி. "கத்த வேண்டிய எடத்துல வாய மூடிக்கோ."

தாய் மனம் நொந்து சொன்னது. ஸ்டெல்லா அதையே நினைத்துக்கொண்டு அன்று முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை.

*

மந்தாரக்குப்பத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் வாக்குப்பதிவு. வாசலில் வாழைமரம் கட்டி, 'மாண்புமிகு தூதர் அவர்களே வருக' என்று ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் ஸ்டெல்லாவின் முகத்தை வெள்ளையடித்து, உதட்டுக்கு ரோஸ் நிறம் கொடுத்திருந்தார்கள். ஃபிளெக்ஸுக்கு அந்தப் பக்கம் ரோட்டோரத்தில் பெண்கள் நின்றார்கள். ஐம்பது பேர் இருக்கலாம், நூறு பேர் இருக்கலாம். பலர் யூனிஃபார்ம் சட்டையைப் புடவைமேல் போட்டிருந்தார்கள். எல்லார் கையிலும் சந்தா ரசீதும் கேட் பாஸும். வாசலில் நின்ற ஆட்கள் கயிறு கட்டி அவர்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.

ஸ்டெல்லா காரிலிருந்து இறங்கி நேராக அவர்களிடம் போனாள். ஒருத்தி கேட் பாஸை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பத்தொம்பது வருசம் சர்வீஸ் மேடம். நான் யாருன்னு இவங்களக் கேளுங்க. நேத்துவரைக்கும் சந்தா வாங்குனவன் இன்னிக்கு என்னத் தெரியாதுன்றான்."

"மேடம், டைம் ஆகுது" என்று யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். அவள் கையை உதறினாள்.

உள்ளே மேடையில் மைக், நாற்காலிகள், சால்வை. தேர்தல் அதிகாரி இளம்பரிதி, ரிட்டயர்டான தலைமையாசிரியர். கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் தகரப் பெட்டி. பூட்டு போட்டு, அரக்கு முத்திரை வைத்திருந்தது. எதிரே சங்கத்து ஆண்கள் இருநூறு பேர் வரிசையில். ஓர் ஓரத்தில் பொற்கொடி, வேட்பாளர் என்பதால் உள்ளே விட்டிருந்தார்கள். அவள் ஸ்டெல்லாவைப் பார்க்கவே இல்லை.

"பெட்டிக்கு எப்ப சீல் வெச்சீங்க சார்?" என்று ஸ்டெல்லா இளம்பரிதியிடம் கேட்டாள்.

"காலையிலேயே... முறைப்படி..."

"காலிப் பெட்டிய ரெண்டு வேட்பாளருக்கும் காட்டுனீங்களா?"

அவர் சிங்காரவேலைப் பார்த்தார். சிங்காரவேல் சிரித்தார். "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது தங்கச்சி. நீங்க தொடங்கி வையுங்க, ஜனங்க நின்னுகினு இருக்காங்க."

"எனக்கு யாரும் காட்டல" என்றாள் பொற்கொடி சுவரோரத்திலிருந்து. அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் புகைப்படக்காரர் அந்த யோசனையைச் சொன்னார். கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில், யாரிடமும் கேட்காமல் சொன்னார். "மேடம், பொட்டிய நீங்க தூக்கி ஆபீசர் கையில குடுக்கற மாதிரி ஒரு ஸ்டில் எடுத்துக்கலாமா?"

"வேணாம் வேணாம்" என்று சிங்காரவேல் எழுந்தார். அதற்குள் ஸ்டெல்லா பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

கனத்தது. உள்ளே தாள்கள் ஒரு பக்கமாகச் சரிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். மீன்பிடிக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே சத்தம்.

அவளுக்குள் இருந்த கோபத்துக்கு இரண்டு மாதமாக இடம் இருக்கவில்லை. விமானத்தில் அடக்கினாள், ஹோட்டல் அறையில் அடக்கினாள், அம்மா வீட்டு அறையில் அடக்கினாள். இப்போது அடங்கவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னும் ஒரு ஓட்டுகூட விழல. ஆனா இந்தப் பெட்டி கனமா இருக்குது. உள்ள பேப்பர் இருக்குது. நான் குலுக்குறேன், நீங்களே கேளுங்க."

மைக் அருகே வைத்துக் குலுக்கினாள். மண்டபம் முழுக்கச் சரசரத்தது.

அப்புறம் வரிசையில் நின்ற ஒருவர், "என்னாய்யா இது?" என்றார். கலைச்செல்வன் என்ற டிரைவர், சிங்காரவேலின் சொந்தக்காரர்தான். "நான் லீவு போட்டுட்டு வந்து நின்னுகினு இருக்கேன். எனக்கு முன்னாடியே எவன்யா என் ஓட்டப் போட்டான்?"

கூச்சல் எழுந்தது. யாரோ மைக் ஒயரைப் பிடுங்கினார்கள். இரண்டு பேர் மேடைக்கு ஏறிப் பெட்டியைப் பிடுங்க வந்தார்கள். ஸ்டெல்லா விடவில்லை. ஒருவன் அவள் மணிக்கட்டை முறுக்கினான். பொற்கொடி எப்படி மேடைக்கு வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவன் காலரைப் பிடித்துக் கீழே தள்ளினாள். இருபது வருடம் கரி அள்ளிய கை.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தியது இளம்பரிதி. அவருக்கு அவ்வளவு குரல் இருந்தது அவருக்கே தெரியாது போலிருந்தது. சாவியை எடுத்து, அரக்கை உடைத்துப் பூட்டைத் திறந்து, பெட்டியை மேசையில் கவிழ்த்தார். வாக்குச்சீட்டுகள் கொட்டின. ஒரே மடிப்பு, ஒரே மையில் ஒரே சின்னம்.

சிங்காரவேல் கத்தவில்லை. மேடை நுனிக்கு வந்து நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "சரிங்க. எவனோ தப்பு பண்ணிட்டான், விசாரிக்கலாம். ஆனா தங்கச்சி, ஒண்ணு சொல்லுங்க. அங்க அந்த நாட்டுலயும் பொட்டி இப்படித்தான இருந்துது? அங்க மட்டும் எப்படிக் கையெழுத்து போட்டீங்க? வெள்ளக்காரன் சொன்னா போடுவீங்க, நம்ம ஊர்க்காரன் சொன்னா போட மாட்டீங்களா?"

நூறு செல்போன்கள் அவளை நோக்கி நீண்டிருந்தன. மேடையை விட்டு இறங்கிப் போயிருக்கலாம். அது வேறு விஷயம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லும் வாக்கியங்கள் அவளிடம் நிறைய இருந்தன. அவற்றுக்குத்தான் சம்பளம் வாங்கினாள்.

"ஆமா" என்றாள். மைக் இல்லாததால் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. "அங்கயும் பெட்டி நிறைஞ்சுதான் இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன். பாத்துட்டு, எல்லாம் சரியா நடந்துச்சுன்னு கையெழுத்து போட்டேன். அது பொய். நான் பண்ணது அயோக்கியத்தனம். என்ன நம்பி உண்மையச் சொன்ன ஒரு பொண்ணு அதனால ஜெயில்ல இருக்கா. நீங்க என்ன எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணே. ஒரு தடவ போட்டவ மறுபடியும் போடுவான்னு கூப்பிட்டீங்க. போட மாட்டேன்."

இளம்பரிதி தேர்தலை ஒத்திவைப்பதாக ஒரு தாளில் எழுதினார். ஸ்டெல்லா தான் கண்டதை அதன் கீழே எழுதினாள். பிறகு வெளியே போய்க் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, பெண்கள் ஒவ்வொருவரின் பெயர், கேட் பாஸ் எண், வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினாள். செய்தி பரவி வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டாவது பெயரை எழுதினாள். முறுக்கிய மணிக்கட்டு வீங்கிப் பேனா பிடிக்க முடியாதபோது பொற்கொடியின் மகள் எழில்மதி வாங்கி எழுதினாள்.

*

வீடியோ அன்றே பரவிவிட்டது. மறுநாள் அமைப்பிலிருந்து கடிதம் வந்தது: விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம், தூதர் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், எங்கும் பேசக் கூடாது. குழுத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். "ஒரு கிராமத்துச் சங்கத் தேர்தலுக்காக இருபது வருட வாழ்க்கையைத் தூக்கி எறிந்துவிட்டாய்" என்றார்.

"இல்லை. அதை உங்கள் அறையில், உங்கள் மேசையில், உங்கள் பேனாவால் எறிந்தேன்" என்று சொல்லித் துண்டித்தாள்.

அதே வாரம் கடலூரில் நோட்டரி வக்கீல் முன்னால் பதினான்கு பக்கத்தையும் பிரமாண வாக்குமூலமாக எழுதி, அமினாவின் வக்கீலுக்கு அனுப்பினாள்.

ஊரில் எல்லாரும் அவளைக் கொண்டாடவில்லை. அம்மா வீட்டுத் தண்ணீர்க் குழாயை யாரோ உடைத்தார்கள். லூர்துமேரி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் பிளம்பரைக் கூட்டிவந்தாள். மாதா கோயிலில் இரண்டு குடும்பங்கள் லூர்துமேரியோடு பேசுவதை நிறுத்தின. அவளும் அவர்களோடு பேசுவதை நிறுத்தினாள்.

தொழிலாளர் துறை அதிகாரிகள் முன்னிலையில் மூன்று மாதம் கழித்து மறுதேர்தல் நடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பெயரும் பட்டியலில் இருந்தன. சிங்காரவேல் நிற்கவில்லை, தன் மைத்துனர் தமிழ்மாறனை நிறுத்தினார். காலிப் பெட்டியை எல்லாருக்கும் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்கள். பொற்கொடி முப்பத்தொரு ஓட்டில் தோற்றுப்போனாள்.

ஸ்டெல்லாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எண்ணிக்கை நடந்த இடத்துக்கு வெளியே காலால் மண்ணை உதைத்தாள். "இவ்வளவு நடந்தும் அவங்களுக்கே போட்டிருக்காங்களே! இந்த ஜனங்களுக்கு ரோசமே கெடையாதா?"

பொற்கொடி தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"ஏன்டி கத்துற? போன தடவ நடந்தது திருட்டு. இது தோல்வி. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் நாடு நாடா எலக்சன் பாத்துகினு இருந்தியா?"

"உனக்குக் கோபமே வரலியா?"

"வராம? வயிறு எரியுது. எங்க செக்சன்லயே பத்து பேரு எனக்குப் போடல, எவஎவன்னும் எனக்குத் தெரியும். நாளைக்குப் போய் நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கப் போறேன். ஆனா கமிட்டியில ஒம்போது பேர்ல நாலு பேரு நம்ம ஆளுங்க. காண்ட்ராக்ட் லிஸ்ட்ட இனிமே சுவத்துல ஒட்டணும்னு மொத தீர்மானம் போடப் போறோம். லட்சுமி பேரும் அதுல வரணும். வரலன்னா அப்புறம் பாரு."

லட்சுமியின் பெயர் அடுத்த பட்டியலில் வந்தது. நீக்கப்பட்ட பதினேழு பேரில் பதினொரு பேர் பெயர் வந்தது. மற்ற ஆறு பேருக்காகப் பொற்கொடி இன்னும் சங்க அலுவலக வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

வாக்குமூலம் போன நான்காவது மாதம் அமினா ஜாமீனில் வெளியே வந்தாள். வழக்கு முடியவில்லை, அவளுடைய வானொலி நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள். ஸ்டெல்லா எழுதிய மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு குரல்பதிவை அனுப்பினாள். "உங்கள் வாக்குமூலம் வந்தது. உதவியது. நன்றி சொல்ல மாட்டேன். என் அப்பா இறந்த செய்தியைச் சிறையில் ஒரு காவலாளிதான் எனக்குச் சொன்னான். நீங்கள் அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் என் அப்பாவோடு இருந்திருப்பேன். நீதிமன்றம் அழைத்தால் வாருங்கள். அவ்வளவுதான்."

அந்த நாடு ஸ்டெல்லாவுக்கு விசா தரவில்லை. வக்கீல் போராடிக் காணொளி வழியாகச் சாட்சி சொல்ல அனுமதி வாங்கினார். முத்தாண்டிக்குப்பத்து வீட்டில், அம்மா தையல் மெஷினை ஒதுக்கிக் கொடுத்த மேசையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தாள். திரையில் நீதிபதி, அரசு வக்கீல், பின்வரிசையில் அமினா. முன்பு பார்த்ததைவிடப் பத்து வயது கூடியவள்போல் இருந்தாள்.

'இந்தப் பெட்டி ஏற்கெனவே நிறைந்திருக்கிறது' என்று அமினாவிடம் சொன்னீர்களா என்று கேட்டார்கள். சொன்னேன் என்றாள். ஒலிபரப்ப அனுமதி கொடுத்தீர்களா? கொடுத்தேன்.

அரசு வக்கீல் எழுந்தார். அவர் கையில் அந்த இரண்டு பத்தி இருந்தது. "இது உங்கள் கையெழுத்துதானே? யாராவது உங்களை மிரட்டினார்களா? துப்பாக்கி காட்டினார்களா?"

"இல்லை."

"பணம் கொடுத்தார்களா?"

"இல்லை."

"அப்படியானால் பொய் என்று தெரிந்தே ஏன் கையெழுத்திட்டீர்கள்?"

வாசலில் பண்ருட்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. திரையில் அமினா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயத்தால் இல்லை" என்றாள் ஸ்டெல்லா. "அடுத்த வருடம் குழுத் தலைவர் பதவி எனக்கு வரவேண்டியிருந்தது. அது கையை விட்டுப் போகக் கூடாது என்று போட்டேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. இதை அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள்."

எழுத்தர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அமினா பார்வையை விலக்கவில்லை. அவள் முகமும் இளகவில்லை. நீதிபதி அடுத்த கேள்வியைக் கேட்கச் சொன்னார்.